காலிபிளவரை மீன் மாதிரி சமைக்க வேண்டும்

காலிபிளவர் நம் கரையோரத்துக் காய் இல்லை. பனையும் உடைமரமும் நிற்கிற இந்த மண்ணில் முண்டு மிளகாய் விளையும், பருத்தி விளையும். காலிபிளவர் ஒட்டன்சத்திரம், ஓசூர், மலைப்பக்கம் என்று வெளியிலிருந்து லாரி ஏறித்தான் ராமநாதபுரத்துக்கும் கீழக்கரைக்கும் ராமேஸ்வரத்துக்கும் வருகிறது. அதனாலோ என்னவோ, பல வீடுகளில் இதற்கு இரண்டே வழிதான். மஞ்சள் தண்ணீரில் வேகவைத்துப் பொரியல், இல்லையென்றால் பட்டாணி போட்டுக் குருமா. மூன்றாவது வழி, சாயங்காலத் தள்ளுவண்டியில் பொட்டலம் கட்டி வாங்கும் சில்லி. வீட்டில் செய்தது குழைந்து, தண்ணீர் விட்டு, முட்டைக்கோஸ் வாடை அடித்தால் பழி காயின் மேல் விழுகிறது.

காயின் மேல் தப்பில்லை. காலிபிளவரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். கழுவும்போது பூவின் நெருக்கத்துக்குள் இன்னும் கொஞ்சம் ஏறிக்கொள்ளும். வேகவைத்தால் அதற்கு மேலும். நம் ஊரில் இன்னொன்றும் சேர்கிறது: காற்றே ஈரம். மற்ற ஊரில் கால் மணி நேரத்தில் உலர்கிற காய், பாம்பனில் அரை மணி ஆனாலும் நசநசவென்று இருக்கும். ஆக, காலிபிளவர் சமையல் என்றால் முக்கால்வாசி தண்ணீரைக் கையாளுகிற வேலை. மசாலா பிறகுதான்.

இந்த வேலை கடற்கரைச் சமையற்கட்டுக்குப் புதிதில்லை. மீனைத் துடைத்து ஈரம் எடுக்காமல் யாரும் மசாலா தடவ மாட்டார்கள். கல் காயாமல் துண்டைப் போட மாட்டார்கள், போட்ட துண்டை உடனே புரட்ட மாட்டார்கள். குழம்பு கொதித்து எண்ணெய் பிரிந்த பிறகுதான் மீன் சட்டிக்குள் இறங்கும். இதே ஒழுங்கைக் காலிபிளவருக்கும் கொடுத்தால் போதும், தனியாக ஒரு வித்தை தேவையில்லை.

வாங்குவதும் சுத்தம் செய்வதும்

அளவைப் பார்க்காமல் கனத்தைப் பாருங்கள். ஒரே அளவில் இரண்டு இருந்தால் கையில் கனக்கிறதே நல்லது. பூ நெருக்கமாக, விரலால் அழுத்தினால் அமுங்காமல் இருக்க வேண்டும். மேல்பரப்பில் வெல்வெட் துணி மாதிரி மெல்லிய மயிர்ப்பு தெரிந்தால் அது வெயிலில் வளர்ந்த பூ. சூடு கூடினால் பூ இறுகாமல் மொட்டுவிடத் தொடங்கிவிடும், வறுத்தால் உதிரும், வாடையும் கூடுதல். மார்கழி முதல் மாசி வரை வருவது இறுக்கமாகவும் மலிவாகவும் இருக்கும். சித்திரை வைகாசியில் விலையும் கூடி, பூவும் தளர்ந்து வரும். மேலே லேசான பழுப்புத் திட்டு இருந்தால் கத்தியால் சுரண்டிவிடலாம். கறுப்பாகப் பூசணம் பிடித்ததோ, தொட்டால் வழவழப்பதோ வேண்டாம். இலையோடு 700 கிராம் இருக்கிற பூவில் சமைக்க 400 கிராம் சொச்சம்தான் தேறும், கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கி வந்ததும் கழுவக் கூடாது. மெல்லிய துணியில் சுற்றி, காம்பு மேலே பார்க்க, பூ கீழே பார்க்கக் கவிழ்த்துக் குளிர்ச்சிப் பெட்டியில் வைத்தால் நான்கைந்து நாள் நிற்கும். பூ மேலே பார்த்தால் உள்ளே கோக்கிற ஈரம் அதன் மேல் தங்கும், கறுப்புப் புள்ளி அங்கேதான் தொடங்கும்.

புழு விஷயத்தில் ஒரு தப்பு வீட்டுக்கு வீடு நடக்கிறது. கொதிக்கக் கொதிக்க மஞ்சள் தண்ணீரை நேராக ஊற்றிவிடுகிறார்கள். அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் சின்னப் பச்சைப் புழு அங்கேயே செத்துக் காம்பிடுக்கில் ஒட்டிக்கொள்ளும், வெளியே வராது. முதலில் பச்சைத் தண்ணீர்தான். ஒரு லிட்டருக்கு ஒரு டேபிள்ஸ்பூன் கல் உப்பு கரைத்து, பிரித்த பூக்களைக் கவிழ்த்துப் போட்டு, மிதந்து எழும்பாமல் ஒரு தட்டை மேலே வைத்து 15 நிமிடம் விடுங்கள். புழு தானாகக் கழன்று அடியில் கிடக்கும். பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலசுங்கள்.

வேகவைப்பது எல்லாச் சமையலுக்கும் தேவையில்லை. எண்ணெயில் பொரிப்பதற்கு மட்டும் சொல்வேன். ஒன்றரை லிட்டர் தண்ணீர், ஒரு டீஸ்பூன் உப்பு, கால் டீஸ்பூன் மஞ்சள்தூள். தளதளவென்று கொதிக்கும்போது பூவைப் போட்டு இரண்டே நிமிடம். மூடி போடக் கூடாது. காலிபிளவரில் கந்தகச் சத்து இருக்கிறது, வேக வேக அதுதான் வாடையாக வெளியேறும். மூடினால் வாடை தண்ணீரிலேயே தங்கும், நேரம் கூடினால் வாடையும் கூடும். குக்கர் பக்கமே கொண்டுபோக வேண்டாம். இரண்டு நிமிடம் ஆனதும் வடித்து, பூ கீழே பார்க்க ஒரு துணியில் பரப்பி, மின்விசிறிக்கு அடியில் 20 நிமிடம். சும்மா ஜன்னலோரம் வைத்தால் நம் கடற்காற்றில் உலராது.

போர் தண்ணீர் உவர்ப்பாக இருக்கிற வீடுகளுக்கு ஒரு வார்த்தை. அந்தத் தண்ணீரில் வேகவைத்தால் வெள்ளைப் பூ மங்கலான மஞ்சளாக மாறும். தண்ணீரில் காரத்தன்மை இருப்பதால் வருகிற நிறம் அது, காய் கெட்டதால் இல்லை. சுண்ணாம்புச் சத்து அதிகமென்றால் காம்பு மெதுவாகவும் வேகமாட்டேன் என்று அடம்பிடிக்கும். அதற்காகக் கூட நேரம் வைத்தால் பூ குழைந்துவிடும், காம்பு அப்படியே நிற்கும். சமையலுக்குக் காவிரித் தண்ணீரோ கேன் தண்ணீரோ எடுங்கள். வழியில்லையென்றால் வேகவைக்கும் தண்ணீரில் ஒரு டேபிள்ஸ்பூன் மோர் விட்டால் நிறம் மாறாது. உப்பைப் பாதியாகக் குறையுங்கள்.

மீன் வறுவல் முறையில்

இந்தக் காயை வைத்து ஒன்றே ஒன்றுதான் செய்யலாம் என்றால் நான் சொல்வது இதைத்தான். வேகவைக்க வேண்டாம், மாவு கரைக்க வேண்டாம், நிறைய எண்ணெயும் வேண்டாம்.

700 கிராம் பூவை எடுத்து இலையை நீக்குங்கள், காம்பை மட்டும் முழுசாக விட்டுவையுங்கள். துண்டைச் சேர்த்துப் பிடித்திருப்பதே காம்புதான். காம்பு வழியாக நேர் பாதியாக வெட்டி, ஒவ்வொரு பாதியிலும் வெட்டின முகத்திலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் கனத்தில் இரண்டு வில்லை எடுங்கள். வஞ்சிரத் துண்டு போடுகிற கனம். நான்கு வில்லை கிடைக்கும், ஓரத்தில் மிச்சமெல்லாம் உதிரிப் பூ. அதை எடுத்து வையுங்கள், கீழே வருகிற குழம்புக்கு ஆகும். வில்லைகளை உப்புத் தண்ணீரில் 10 நிமிடம் போட்டு அலசித் துணியால் ஒற்றி எடுங்கள்.

மீனுக்கு உப்பும் மசாலாவும் சேர்த்துத் தடவி அரை மணி ஊறவைப்பது வழக்கம். காலிபிளவரில் அதை அப்படியே செய்தால் உப்பு உள்ளிருக்கும் தண்ணீரை இழுத்து, மசாலா வழிந்து தட்டில் தேங்கிவிடும். அதனால் இங்கே இரண்டாகப் பிரிக்க வேண்டும். முதலில் வில்லைகளில் முக்கால் டீஸ்பூன் தூளுப்பை மட்டும் இருபுறமும் தூவி 15 நிமிடம் விடுங்கள். மேலே முத்து முத்தாக நீர் கோத்து நிற்கும். அதைத் துடைத்துவிட்டு, உப்புப் போடாத மசாலாவைத் தடவுங்கள். உப்பு அதற்குள் பூவுக்குள் இறங்கியிருக்கும்.

மசாலாவுக்கு ஐந்து பல் பூண்டு, மூன்று சின்ன வெங்காயம் அரைத்துக்கொள்ளுங்கள். அதில் மிளகாய்த்தூள் ஒன்றரை டீஸ்பூன், மல்லித்தூள் ஒன்று, சோம்புத்தூள் அரை, மிளகுத்தூள் கால், மஞ்சள்தூள் கால், அரிசிமாவு இரண்டு டீஸ்பூன். பாதி நெல்லிக்காய் அளவு புளியை ஒரு டேபிள்ஸ்பூன் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்து விடுங்கள், எண்ணெய் இரண்டு டீஸ்பூன். வேறு தண்ணீர் கிடையாது. கரண்டியைச் சாய்த்தால் வழியாமல் ஒட்டி நிற்க வேண்டும். வீட்டில் திரித்த முண்டு மிளகாய்த்தூள் என்றால் ஒரு டீஸ்பூனே காரம் பிடிக்கும். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் ராமநாதபுரம் முண்டுதான் இந்த வறுவலுக்கு ருசி. ஆனால் அதிலிருந்து கடை வறுவலின் சிவப்பை எதிர்பார்க்காதீர்கள். நிறம் வேண்டுமென்றால் அரை டீஸ்பூன் காஷ்மீரி மிளகாய்த்தூள் கூடச் சேருங்கள்.

தோசைக்கல்லைக் காயவைத்து மூன்று டேபிள்ஸ்பூன் கடலையெண்ணெய் விட்டு, ஒரு கொத்துக் கறிவேப்பிலை போட்டு, அது படபடத்து அடங்கியதும் வில்லைகளை வையுங்கள். மிதமான தீ. மூன்று நிமிடம் மூடி போட்டு, பிறகு மூடியைத் தூக்குங்கள். தூக்கும்போது நேராக எடுத்துப் பக்கவாட்டில் கொண்டுபோங்கள். உட்புறம் கோத்த நீர் கல்லில் சொட்டினால் எண்ணெய் தெறிக்கும், சொட்டு விழுந்த இடத்தில் மசாலா கழன்று வெள்ளைப் புள்ளியாக நிற்கும். மூடியைத் துடைத்து ஓரமாக வைத்துவிடுங்கள், இனி அது வேண்டாம். திறந்து இன்னும் மூன்று நிமிடம். வில்லையின் ஓரம் சிவந்து, கல்லை லேசாக ஆட்டினால் தானாக நகர வேண்டும். நகராததை அகலமான தோசைத்திருப்பியால் கிளறி எடுத்தால் மசாலா முழுக்கக் கல்லோடு போய்விடும். நகர்ந்தபின் புரட்டி நான்கு நிமிடம். கத்தி முனையைக் காம்பில் குத்தினால் சின்ன எதிர்ப்போடு இறங்க வேண்டும். வெண்ணெய் மாதிரி இறங்கினால் நேரம் கடந்துவிட்டது.

மசாலா கருகியும் காம்பு பச்சையாகவும் இருந்தால் தீ கூடுதல், அல்லது வில்லை இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் கனம். காம்பு வெந்தும் மேலே மொறுமொறுப்பு இல்லையென்றால் மூடியை அதிக நேரம் போட்டிருக்கிறீர்கள். சோறும் பருப்பும், இல்லை ரசம், இதற்கு அளவான ஜோடி.

காலிபிளவர் 65 நமத்துப் போகாமல் இருக்க

எல்லோரும் கேட்பது இதைத்தான், எல்லோருக்கும் சொதப்புவதும் இதுதான். காரணம் பெரும்பாலும் மைதா. மைதாவை மட்டும் கரைத்துப் பொரித்தால் முதல் ஐந்து நிமிடம் நன்றாக இருக்கும், பிறகு தோல் மாதிரி இழுக்கும். 400 கிராம் பூவுக்கு கார்ன்ஃப்ளார் நான்கு டேபிள்ஸ்பூன், மைதா இரண்டு, அரிசிமாவு இரண்டு. கார்ன்ஃப்ளார் மொறுமொறுப்புக்கு, அரிசிமாவு அது நிலைப்பதற்கு, மைதா ஒட்டுவதற்கு. மிளகாய்த்தூள் இரண்டு டீஸ்பூன், பாதி காஷ்மீரி. இஞ்சி பூண்டு விழுது ஒரு டேபிள்ஸ்பூன், கரம் மசாலா அரை டீஸ்பூன், எலுமிச்சைச் சாறு இரண்டு டீஸ்பூன், உப்பு ஒரு டீஸ்பூன். தயிர் வேண்டாம், அதுவும் தண்ணீர்தான். சோடா உப்பு போட்டால் எண்ணெய் குடிக்கும்.

வெந்து உலர்ந்த பூவில் முதலில் விழுது, தூள், எலுமிச்சை, உப்பு எல்லாவற்றையும் பிசறி, அதன் மேல் மாவைத் தூவிப் புரட்டி, கடைசியில் தண்ணீரைக் கையால் தெளித்துத் தெளித்துச் சேருங்கள். நான்கைந்து டேபிள்ஸ்பூனுக்கு மேல் போகாது. மாவு பூவைப் போர்த்த வேண்டும், பாத்திரத்தில் தேங்கக் கூடாது. பிசறியதும் பொரிக்க வேண்டும். ஊறட்டும் என்று வைத்தால் உப்பு வேலையைக் காட்டிவிடும்.

பொரிப்பது இரண்டு தடவை. ஒரு சொட்டு மாவு எண்ணெயில் பாதி ஆழம் போய் எழும்பினால் முதல் சூடு, சுமார் 170 டிகிரி. அதில் மூன்று நிமிடம், நிறம் மாறும் முன்பே எடுத்துவிடுங்கள். ஐந்து நிமிடம் ஆறட்டும். அந்த ஐந்து நிமிடத்தில் உள்ளே இருக்கும் ஆவி வெளியே வந்து மேல்தோட்டை நனைக்கும். ஒரு தடவையோடு நிறுத்தினால் அது தட்டில் நடக்கும், நமத்துப் போவது அதனால்தான். இரண்டாவது சூட்டில் மாவுச் சொட்டு விழுந்ததும் மேலே துள்ள வேண்டும், 185 டிகிரி வாக்கில். ஒன்றரை நிமிடம். அந்த ஈரம் போய்விடும். ஒரே நேரத்தில் சட்டி நிறையப் போட்டால் எண்ணெயின் சூடு இறங்கி, பொரிவதற்குப் பதில் அவியும். கை கொள்ளும் அளவு இரண்டு தடவையாகப் போடுங்கள்.

எடுத்ததை ஹாட்பாக்ஸில் போட்டு மூடுவதைப் போல ஒரு கொலை இல்லை. கம்பிச் சல்லடையில் பரப்பி வையுங்கள். விருந்தாளி வருகிற நாளில் முதல் பொரிப்பை ஒரு மணி நேரம் முன்னாலேயே முடித்துவிட்டு, அவர்கள் இலையில் உட்காரும்போது இரண்டாவதைப் போடலாம். கடலோரத்தில் எப்படிப் பொரித்தாலும் 20 நிமிடத்துக்கு மேல் அந்த மொறுமொறுப்பை நம்ப முடியாது.

கலர் பொடி வேண்டாம். கர்நாடகத்தில் 2024 மார்ச்சில் கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்க்கத் தடையே போட்டார்கள். மஞ்சூரியன் வேண்டுமென்பவர்கள் இதே பூவைச் செய்து, சாஸ் கெட்டியாகி அடுப்பை அணைத்த பிறகு போட்டு இரண்டு புரட்டு புரட்டினால் போதும். ஏர் ஃபிரையர் வைத்திருப்பவர்களுக்கு ஈர மாவு சரிப்படாது, வழிந்து தட்டில் ஒட்டும். மேலே சொன்ன மீன் மசாலாவைத் தடவி 190 டிகிரியில் 12 முதல் 14 நிமிடம் வைத்து, நடுவில் ஒரு முறை புரட்டுங்கள்.

புளிக்குழம்பில் கடைசியில் போகட்டும்

நான்கு பேருக்குக் குழம்பு என்றால் 250 கிராம் பூ. வில்லை வெட்டி மிச்சமான உதிரிப் பூவை எடுங்கள், போதாவிட்டால் கூடக் கொஞ்சம் சேருங்கள். புளித்தண்ணீரில் பச்சைக் காலிபிளவரைப் போட்டுக் கொதிக்கவிடுவதுதான் வழக்கமான பிழை. புளிப்பில் காய் வேகாது, ரப்பர் மாதிரி நிற்கும். வேகட்டும் என்று கொதிக்கவிடக் கொதிக்கவிட அது தண்ணீரையும் விட்டுக் குழம்பை நீர்க்கடிக்கும்.

பூவை முதலில் ஒரு டேபிள்ஸ்பூன் நல்லெண்ணெயில், வாயகன்ற சட்டியில், நல்ல தீயில் பழுப்புத் திட்டு விழும்வரை ஐந்தாறு நிமிடம் வறுத்துத் தனியே எடுங்கள். முக்கால் வேக்காடு. பிறகு மூன்று டேபிள்ஸ்பூன் நல்லெண்ணெயில் கடுகு, அரை டீஸ்பூன் வெந்தயம், கறிவேப்பிலை தாளித்து, சின்ன வெங்காயம் 15, பூண்டு 12 பல், ஒரு தக்காளி வதக்கி, குழம்பு மிளகாய்த்தூள் இரண்டு டேபிள்ஸ்பூன் சேர்த்து அரை நிமிடம் பிரட்டுங்கள். வெந்தயம் சிவக்க வேண்டும், கறுத்தால் குழம்பு முழுக்கக் கசக்கும். சின்ன எலுமிச்சை அளவு புளியை இரண்டு கப் தண்ணீரில் கரைத்து ஊற்றி, உப்புப் போட்டு 10 நிமிடம் கொதிக்கவிடுங்கள். கால் கப் தேங்காயையும் அரை டீஸ்பூன் சோம்பையும் மையாக அரைத்துச் சேர்த்து இன்னும் ஐந்து நிமிடம். எண்ணெய் ஓரத்தில் பிரிந்ததும் வறுத்த பூ, கிடைத்தால் நான்கு துண்டு மாங்காய், சுண்டைக்காய் அளவு கருப்பட்டி. நான்கு நிமிடத்தில் இறக்கிவிட்டு அரை மணி மூடி வையுங்கள். பூவின் நெருக்கத்துக்குள் குழம்பு ஏறுவது அடுப்பு அணைந்த பிறகுதான். மாங்காய் சேர்த்தால் புளியைக் கால்வாசி குறையுங்கள்.

மறுநாள் மீன் குழம்பு கூடுதல் ருசி என்பது போல இதுவும் காலையில் இட்லிக்கு நன்றாக இருக்கும். சூடு மட்டும் பண்ணுங்கள், மறுபடி கொதிக்கவிட்டால் பூ கரைந்துவிடும்.

தேங்காய்ப்பால் ஆணம்

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் இடியாப்பத்துக்கும் நெய்ச்சோற்றுக்கும் வைக்கிற தேங்காய்ப்பால் ஆணத்தில் (ஆணம் என்றால் குழம்பு) கறிக்குப் பதிலாகக் காலிபிளவர் சுலபமாக உட்காரும். மஞ்சள் தண்ணீர் வேலை இதில் கிடையாது, பால் வெள்ளையாக இருந்தால்தான் அழகு. ஒரு தேங்காயில் கெட்டியான முதல் பால் ஒரு கப், இரண்டாம் பால் இரண்டு கப் எடுங்கள். இரண்டு டேபிள்ஸ்பூன் எண்ணெயும் ஒரு டீஸ்பூன் நெய்யும் காயவைத்து, பட்டை ஒன்று, கிராம்பு இரண்டு, ஏலக்காய் இரண்டு, வாசத்துக்கு ரம்பை இலை (தாழை இனத்து நீள இலை) கிடைத்தால் ஒரு விரல் நீளம். நறுக்கிய பெரிய வெங்காயம் ஒன்று, கீறிய பச்சைமிளகாய் நான்கு. வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆனால் போதும், சிவக்க விடாதீர்கள். இஞ்சி பூண்டு விழுது இரண்டு டீஸ்பூன், மல்லித்தூள் ஒரு டீஸ்பூன். 300 கிராம் பூவைப் போட்டு இரண்டு நிமிடம் பிரட்டி, இரண்டாம் பாலும் உப்பும் சேர்த்துத் திறந்தபடி ஆறேழு நிமிடம் வேகவிடுங்கள். தக்காளி சேர்ப்பதென்றால் பாதிக்கு மேல் வேண்டாம்.

முதல் பால் ஊற்றும்போது தீ மிகக் குறைவாக இருக்கட்டும். ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ் வந்ததும் அணைத்துவிட வேண்டும். கொதித்தால் பால் திரிந்து எண்ணெய் தனியாக மிதக்கும். எலுமிச்சைச் சாறு அடுப்பை அணைத்து, இரண்டு நிமிடம் ஆறிய பிறகுதான். கொதிக்கிற பாலில் பிழிந்து திரிந்துபோனதை மீட்க வழி கிடையாது.

சென்னாக்குன்னி போட்டு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும், நாட்டுப்படகு மீன்தான் சந்தைக்கு, அதுவும் கைக்கு எட்டாத விலை. காலிபிளவர் தளர்ந்து, வாடை கூடி வருவதும் அதே மாதங்களில்தான். அந்தக் காயை வறுவல் போட முயல்வது வீண். பொடியாக நறுக்கிச் சென்னாக்குன்னியோடு, அதாவது பொடி இறால் கருவாட்டோடு, சேர்த்தால் அதன் குறை தெரியாது. காலிபிளவரின் கந்தக வாடையைக் கருவாட்டு வாசம் மூடிவிடும்.

கால் கப் சென்னாக்குன்னியை மணல் போகச் சலித்து, வெறும் சட்டியில் இரண்டு நிமிடம் வறுத்து, உள்ளங்கையில் கசக்கிப் புடைத்து, இரண்டு தண்ணீரில் சட்டென்று அலசிப் பிழிந்து வையுங்கள். வறுக்காமல் கழுவினால் மணல் ஒட்டிக்கொண்டு பல்லில் நறநறக்கும். எண்ணெயில் கடுகு, சின்ன வெங்காயம் 15, பூண்டு ஆறு பல், பச்சைமிளகாய் இரண்டு வதக்கி, 300 கிராம் நறுக்கிய பூவைப் போட்டு, மூடாமல், நல்ல தீயில் ஆறு நிமிடம் கிளறுங்கள். அரை டீஸ்பூன் மிளகாய்த்தூள், பிறகு சென்னாக்குன்னி, இன்னும் இரண்டு நிமிடம். உப்பு கடைசியில், ருசி பார்த்த பிறகு. சென்னாக்குன்னியிலேயே உப்பு இருக்கும், காயோடு முதலிலேயே போட்டால் தண்ணீரும் விடும். இரண்டு டேபிள்ஸ்பூன் தேங்காய்த் துருவல் தூவி இறக்கலாம். கருவாடு ஆகாத வீட்டில் இதே முறையில் இரண்டு முட்டை உடைத்து ஊற்றினால் அது வேறொரு நல்ல பொரியல்.

மாலை போட்டிருக்கிற நாட்களுக்கு வெங்காயம் பூண்டு இல்லாமல் மிளகு வறுவல் எளிது. ஒரு டீஸ்பூன் மிளகு, ஒரு டீஸ்பூன் சீரகம் கொரகொரப்பாக இடித்து, பெருங்காயம் தாளித்த தேங்காயெண்ணெயில் பூவை மூடாமல் வதக்கி, இறக்கும் முன் அந்தப் பொடி. முதலிலேயே போட்டால் மிளகு கருகிக் கசக்கும். திதி சமையலில் இங்கிலீஷ் காய் சேர்க்காத வீடுகள் உண்டு, அங்கே இந்தப் பேச்சே கிடையாது.

காம்பையும் இலையையும் குப்பையில் போட வேண்டாம். நடுக்காம்பின் தடித்த தோலை நார் போகும்வரை சீவிவிட்டு உள்ளிருக்கும் வெள்ளைப் பகுதியை மெல்லிய வில்லையாக நறுக்கினால், கால் கப் பாசிப்பருப்போடு கூட்டுக்கு ஆகும். பருப்பு பாதி வெந்த பிறகு சேருங்கள். வெளி இலையில் மருந்து படிந்திருக்கும், அது ஆட்டுக்குக்கூட வேண்டாம். பூவை ஒட்டிய இளம் இலைகள் ஐந்தாறு மட்டும் எடுத்து, உப்புத் தண்ணீரில் அலசி, பொடியாக அரிந்து, வரமிளகாய் கிள்ளிப் போட்டுக் கீரை மாதிரி வதக்கலாம். தண்ணீர் தெளிக்க வேண்டாம், இலையில் இருக்கிற ஈரமே போதும்.